திருச்சி – கோலாலம்பூர், ஆளுக்கு 7 கிலோ கைப்பை மட்டும்: எடையும் செலவும்

உறையூர்வாசி:

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து மலாக்கா, பினாங்கு. நானும் வீட்டுக்காரம்மாவும், எட்டு நாள். ஏர் ஏசியா டிக்கெட், லக்கேஜ் சேர்க்கவில்லை. வீட்டில் 20 அங்குல டிராலி இரண்டு இருக்கிறது, அதையே எடுத்துப்போகலாமா? துணிமணி எவ்வளவு வைக்கலாம்? திரும்பும்போது சாமான் வாங்கினால் என்ன செய்வது? ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள் போகவும் ஊர்விட்டு ஊர் போகவும் மலிவான வழி எது? தெரிந்தவர்கள் கிராம் கணக்கிலேயே சொல்லுங்கள். தராசைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

கிராம்கணக்கு:

அப்படியானால் முதலில் அந்த டிராலியைக் காலியாகத் தராசில் வையுங்கள். 20 அங்குல டிராலி பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ வரும். ஒரு சட்டைகூட வைக்காமலேயே 7 கிலோவில் பாதியை நெருங்கிவிட்டீர்கள். ஒரு கிலோவுக்குள் அடங்கும் 30 – 35 லிட்டர் துணிப் பேக்பேக் வாங்குங்கள். துணியைக் குறைப்பதைவிடப் பையை மாற்றுவதில்தான் அதிக எடை மிச்சமாகும். இதைச் செய்யாமல் உள்ளாடையை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

7 கிலோ என்பது இரண்டு உருப்படிக்கும் சேர்த்து. பெரிய பை 56 × 36 × 23 செ.மீ., கூடவே 40 × 30 × 10 செ.மீ. அளவில் ஒரு சின்னப் பை. சக்கரமும் கைப்பிடியும் அளவில் சேரும். கடையில் சொல்லும் ‘20 அங்குலம்’ சில சமயம் சக்கரத்தை விட்டு அளந்ததாக இருக்கும், டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

ஆண் ஒருவருக்கான கணக்கு இது. பேக்பேக் 1000 கிராம், தோளில் மாட்டும் சின்னப் பை 200. போன் சார்ஜர், வயர், பிளக் அடாப்டர் சேர்த்து 250. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 220. பாலியஸ்டர் கலந்த டி-ஷர்ட் மூன்று, தலா 150 வீதம் 450. மெல்லிய பேன்ட் ஒன்று 350. லுங்கி 300. உள்ளாடை நான்கு செட் 250. சாக்ஸ் இரண்டு ஜோடி 80. ஈரிழைத் துண்டு 120. சோப்பு, பேஸ்ட் வகையறா 500. மருந்து 200. மடக்குக் குடை 300. ரப்பர் செருப்பு 350. காகிதங்கள் 150. கூட்டினால் 4 கிலோ 720 கிராம். போட்டுக்கொண்டு போகும் பேன்ட், சட்டை, ஷூ இதில் சேரவில்லை. மீதி 2 கிலோ 280 இருப்பதால் லேப்டாப் எடுப்பவருக்கும் இடம் உண்டு.

எட்டு நாளுக்கு நான்கு மேல்சட்டை போதும், போட்டிருப்பதையும் சேர்த்து. நான்காவது நாள் துவைத்தாக வேண்டும். மலேசியாவில் வருஷம் முழுக்க வெக்கை, ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமானத்தில் குளிர்ந்தால் லுங்கியைப் போர்த்திக்கொள்ளலாம்.

ஜீன்ஸ் ஒன்று 700 – 800 கிராம் வரும், ஈரமானால் அந்த ஊர்க் காற்றில் இரண்டு நாளானாலும் காயாது. போட்டுக்கொண்டு போங்கள், பையில் வைக்காதீர்கள்.

கரூர்க்காரி:

பெண்கள் கணக்கைச் சேர்க்கிறேன். புடவை கட்டாயம் வேண்டுமென்றால் ஷிபான் அல்லது ஜார்ஜெட் ஒன்று. ரவிக்கை, பாவாடை சேர்த்து 700 கிராமுக்குள் முடிக்கலாம். பட்டுப்புடவை ஒன்றே பல சமயம் அந்த எடையைத் தாண்டும். மற்ற நாட்களுக்குக் குர்தி மூன்று, லெக்கிங்ஸ் இரண்டு, துப்பட்டா ஒன்று போதும். கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகும்போது அந்த ஒரே துப்பட்டா தலைக்கும் தோளுக்கும் ஆகும். எல்லாக் குர்திக்கும் ஒத்துப்போகிற நிறத்தில் கால்சட்டை எடுங்கள், கறுப்பு ஒன்று, கருநீலம் ஒன்று. ஜோடி ஜோடியாக எடுத்தால் எடை இரட்டிக்கும்.

நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறையப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், கிளம்பும்போதே ஏர்போர்ட் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது ‘இது இங்கிருந்து கொண்டுபோனதுதான்’ என்று நிரூபிக்க அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

திரவ விஷயத்தில்தான் நம்மவர்கள் நிறையச் சாமானை இழக்கிறார்கள். கைப்பையில் ஒவ்வொரு டப்பாவும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள, மூடித் திறக்கும் கண்ணாடி கவருக்குள் அடங்க வேண்டும். பார்ப்பது டப்பாவின் மேல் அச்சிட்ட அளவை. 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சமே எண்ணெய் இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். பேஸ்ட்டும் திரவக் கணக்குதான். 150 கிராம் டியூப் பாதி தீர்ந்திருந்தாலும் போய்விடும். ஷாம்பு சாஷே பத்து வாங்குங்கள், 60 – 70 கிராமில் வேலை முடிந்தது. தேங்காய் எண்ணெய்க்கு 50 மில்லி பாட்டில். கட்டி சோப்புக்குக் கட்டுப்பாடு இல்லை, துணிக்கும் அதையே போடலாம்.

மலைக்கோட்டை_மணி:

சாப்பாட்டுச் சாமான் பற்றி யாரும் சொல்லவில்லை. மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள். நெய், எண்ணெயில் குழைத்த பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் அந்த 100 மில்லி விதிக்குள் வரும். தேங்காய், கொப்பரை இரண்டையும் மறந்துவிடுங்கள். கொப்பரை எண்ணெய்ச் சத்து நிறைந்த, தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதால் விமானப் பாதுகாப்பில் தனிக் கவனம் உண்டு. பழம், செடி, விதை எதுவும் மலேசியாவுக்கு வேண்டாம்.

ஊர் மாற்றிச் சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு: கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருந்தால் கொண்டுபோகாதீர்கள்.

அதைவிட, மலேசியாவுக்குப் பொடி டப்பா எதற்கு? கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினால் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) இரண்டு ரொட்டி சானாயும் (பரோட்டா வகை) ஒரு தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) காலைப் பசியை அடக்கிவிடும். ஹோட்டல் காலை உணவுக்குக் கூடுதல் பணம் கட்டாதீர்கள், அறை மட்டும் போடுங்கள்.

உறையூர்வாசி:

பையை மாற்றிவிடுகிறேன். துண்டு எதற்கு? ஹோட்டலில் தருவார்களே? லுங்கியும் துண்டும் சேர்ந்து 420 கிராம், ஒன்றைக் குறைக்கலாமா?

கிராம்கணக்கு:

ஈரிழைத் துண்டு உடம்பு துடைக்க மட்டும் இல்லை, துணி காயவைக்க. துவைத்த டி-ஷர்ட்டைக் கையால் பிழிந்துவிட்டு, காய்ந்த துண்டின் மேல் விரித்துப் போடுங்கள். துண்டோடு சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்குங்கள், அல்லது சுருளின் மேல் முழங்காலை வைத்து அழுத்துங்கள். மிச்ச ஈரத்தைத் துண்டு குடித்துவிடும். ஏசி காற்று படும் இடத்தில் ஹேங்கரில் மாட்டினால் பாலியஸ்டர் கலப்புத் துணி விடிவதற்குள் காய்ந்திருக்கும். இதற்கு ஹோட்டலின் தடித்த டர்க்கி டவல் ஆகாது என்று இல்லை, ஆனால் அதை நனைத்துவிட்டால் குளிக்கத் துண்டு இருக்காது. குளியலறைக்குள் காயப்போடுவதுதான் பலர் செய்கிற தப்பு. காற்றோட்டம் இல்லாமல் காலையில் துணி நாறும்.

குறைப்பதாக இருந்தால் லுங்கியைக் குறையுங்கள். துண்டு இருக்கட்டும்.

கிள்ளான்_வாசகர்:

இங்கே இருப்பவன் என்ற முறையில் ஒன்று. சிங்க்கில் துவைக்கச் சிரமமாக இருந்தால் எந்த ஊரிலும் கடைவரிசையில் சுயசேவை டோபி இருக்கும், பல கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கும். இருவர் துணியும் ஒரே மெஷினில் அடங்கும். துவைத்து உலர்த்த ஒன்றேகால் மணி நேரம், 10 – 12 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். சில்லறை மாற்றும் இயந்திரம் அங்கேயே இருக்கும். நாலாம் நாள் மாலை இதற்கென்று ஒதுக்கினால் ஜீன்ஸ்கூட எடுத்துவரலாம்.

பிளக் விஷயம்: இங்கே மூன்று தட்டைக் கால் உள்ள பிளக், பிரிட்டிஷ் முறை. சுவரில் உள்ள துளைகளை உள்ளே ஒரு தகடு மூடியிருக்கும், மேல் துளையில் கால் நுழைந்தால்தான் அது திறக்கும். அதனால் இந்திய இரண்டு முள் சார்ஜர் நேரடியாக நுழையாது. பேனா முனையை விட்டுத் திறக்கும் வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். 30 கிராம் அடாப்டர் ஒன்று போதும், எல்லா நாட்டுக்கும் ஆகிற கனத்த டப்பா வேண்டாம்.

ஏர் ஏசியா இறங்குவது கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.-வின் டெர்மினல் 2. அங்கிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் ஆளுக்கு 55 ரிங்கிட், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பஸ் சுமார் 15 ரிங்கிட், ஒரு மணி நேரம். இருவருக்கு ரயில் 110 ஆகிறது; ஆப்பில் அழைக்கும் கிராப் கார் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. இருவர் என்றால் ரயிலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட நல்ல யோசனை: இறங்கியதும் கோலாலம்பூருக்குள் நுழையவே வேண்டாம். டெர்மினல் 2-இலிருந்தே மலாக்காவுக்கு நேர் பஸ் உண்டு, சுமார் இரண்டரை மணி நேரம். மலாக்கா சென்ட்ரலில் இறங்கி பழைய நகருக்குப் போகும் டவுன் பஸ் ஏறினால் சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் இறக்கிவிடும். மலாக்கா முதலில், பிறகு பினாங்கு, கடைசியில் கோலாலம்பூர் என்று வைத்தால் ஒரு தடவை ஏர்போர்ட் – நகரம் செலவு மிச்சம். கடைசி இரண்டு நாள் தலைநகரில் இருப்பதால் விமானத்தைத் தவறவிடும் பயமும் இல்லை. பஸ்ஸில் பையை மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளும் அளவு இருந்தால் இந்த வழி முழுக்கச் சுலபம்.

மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் வந்து, பினாங்குக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்து இ.டி.எஸ். என்ற மின்சார ரயிலில் பட்டர்வொர்த், நான்கு மணி நேரம் போல. நிலையத்திலிருந்து நடந்து போய்ப் படகு ஏறலாம், 2 ரிங்கிட், ஜார்ஜ் டவுனில் இறக்கும். பஸ் ரயிலைவிட மலிவு, ஆனால் தீவுக்குப் போகிறதா, பட்டர்வொர்த்தோடு நிற்கிறதா என்று டிக்கெட்டில் பாருங்கள். பள்ளி விடுமுறை, தீபாவளி, தைப்பூசம் நாட்களில் ரயில் சீட்டு முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

அறை வாடகைக்கு மேல் வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். ஆன்லைன் விலையில் இது சேராமல் இருந்தால் கவுன்டரில் கேட்பார்கள். ஏழு இரவுக்கு 70. பினாங்கில் உள்ளூர்க் கட்டணம் ஒன்றும் சிறிதாக உண்டு.

மலைக்கோட்டை_மணி:

முதலில் மலாக்கா என்பதை வழிமொழிகிறேன். திருச்சி விமானம் விடியற்காலையில் இறக்கினால் ஹோட்டலில் மதியம் 2 மணிக்குத்தான் அறை. பஸ் பயணத்திலேயே அந்த நேரத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும்.

பொன்மலை_ராஜா:

எல்லாரும் பேக்பேக் என்கிறீர்கள். முதுகுவலி உள்ளவர் என்ன செய்வார்? 7 கிலோவை முதுகில் சுமந்து படிக்கட்டு ஏறுவது அறுபது வயதுக்காரருக்கு ஆகாது. 2 கிலோவுக்குள் மெல்லிய துணி டிராலிகள் கிடைக்கின்றன, இரண்டு சக்கரம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் இன்னும் எடை குறையும். ஒரு கிலோ கூடுதல் கொடுத்து முதுகைக் காப்பாற்றுவது நியாயமான பேரம்தான்.

கிராம்கணக்கு:

ஒப்புக்கொள்கிறேன். முதுகுவலி இருந்தால் துணி டிராலிதான். பினாங்குப் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் வாசலுக்கு வாசல் மட்டம் மாறும், அங்கே சக்கரம் உதவாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அந்த மாதிரி இடத்தில் அறை எடுத்தால் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

காவிரிப்பாலம்:

பவர் பேங்க் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையே. செக்-இன் பையில் போடவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-அவர் வரை தடையில்லை. கணக்கு எளிது: எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்றால் 74 வாட்-அவர், பிரச்சினையில்லை. அச்சிட்ட எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள், திறன் என்னவென்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கைப்பையை கேட்டில் வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பும் நிலை வந்தால், ஒப்படைக்கும் முன் பவர் பேங்க்கை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். பல விமான நிறுவனங்கள் இப்போது விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை, அதனால் போனை ஏறும் முன்பே நிரப்பிவிடுங்கள்.

எடை போடும் இடம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெப் செக்-இன் முடித்திருந்தாலும் பாஸ்போர்ட் பார்க்கக் கவுன்டருக்குப் போக வேண்டிவரும், அங்கே பையைத் தராசில் வைக்கச் சொல்வார்கள். திரும்பும்போது கோலாலம்பூரில் கேட் அருகே மறுபடி எடை போடுவதும் உண்டு. வீட்டுத் தராசுக்கும் அவர்கள் தராசுக்கும் வித்தியாசம் இருக்கும், 6 கிலோ 700-ஐத் தாண்டாதீர்கள். பையை மட்டும் வீட்டு எடை மெஷினில் வைத்தால் சரியாகக் காட்டாது. நீங்கள் தனியாக ஒருமுறை, பையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை ஏறி, வித்தியாசத்தைப் பாருங்கள்.

கரூர்க்காரி:

திரும்பும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மைலோ, சாக்லேட், தைலம், பிள்ளைகளுக்கு உடுப்பு என்று வாங்காமல் யாரும் வருவதில்லை. கேட்டில் மாட்டிக்கொண்டு கட்டும் தொகைதான் எல்லாவற்றிலும் அதிகம், போகும்போது மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். எனவே போகும் வழிக்கு ஒன்றும் வாங்காமல், வரும் வழிக்கு மட்டும், இருவரில் ஒருவர் பெயரில் மட்டும், ஒரு செக்-இன் பை சேர்த்துவிடுங்கள். டிக்கெட் போடும்போதோ, அதன்பின் ஆன்லைனில் விமானத்துக்குச் சில நாள் முன்போ சேர்ப்பது மலிவு. கவுன்டரில் ஏறும், கேட்டில் இன்னும் ஏறும்.

அந்தப் பைக்கு இங்கிருந்தே சூட்கேஸ் வேண்டாம். மடித்தால் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கும் ஜிப் வைத்த நைலான் பை 150 கிராம்தான். வரும்போது துணியை அதில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டு, உடையும் பொருளைக் கைப்பையில் வையுங்கள்.

டிக்கெட் போடும் பக்கத்தில் சீட், சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் தானாகவே டிக் ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கத்திலும் பாருங்கள். சீட் வேண்டாம் என்றால் அவர்கள் கொடுப்பதில் உட்காரலாம், நான்கு மணி நேரம்தான்.

காவிரிப்பாலம்:

காகித விஷயம் மூன்று.

ஒன்று, பெயர். நம் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். ஏர் ஏசியாவில் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கிறார்கள், மற்ற நிறுவனங்களின் முறை வேறு, அவரவர் உதவிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். இனிஷியலை மட்டும் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் டிக்கெட்டிலும் முழுதாக.

இரண்டு, மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை. இறங்கும் நாளுக்கு முன்னுள்ள மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் இடைத்தரகர்தான், அரசுக் குடிநுழைவுத் துறைத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாத நுழைவு இருக்கிறது, அது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை. டிக்கெட் போடும் முன் நடப்பு நிலையைப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

மூன்று, விசா இல்லை என்பதால் கேள்வி இல்லை என்று நினைக்காதீர்கள். திரும்பும் டிக்கெட், எல்லா இரவுக்கும் அறைப் பதிவு, கையில் உள்ள பணம், இவற்றைக் கேட்பார்கள். போனில் மட்டும் வைக்காமல் அச்சடித்து எடுங்கள், பத்துத் தாள் 50 கிராம்தான். பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி தேவை என்ற குறிப்பு) உள்ளவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். மலேசியா அந்த நாடுகளின் பட்டியலில் உள்ளது. சுற்றிப்பார்க்கப் போவதற்கு அந்த அனுமதி தேவையில்லை, ஆனால் வேலைக்குப் போகவில்லை என்று திருச்சி குடியேற்றக் கவுன்டரில் விளக்க இந்தத் தாள்கள்தான் துணை.

உறையூர்வாசி:

மனைவி பாஸ்போர்ட் இ.சி.ஆர்.தான், நல்லவேளை சொன்னீர்கள். கடைசிக் கேள்வி, பணம் எப்படி எடுத்துப்போவது? மருந்து ஏதும் சிக்கல் வருமா, எனக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு.

கிள்ளான்_வாசகர்:

முதல் இரண்டு நாள் செலவுக்கான ரிங்கிட்டை மட்டும் கையில் கொண்டுவாருங்கள். ஏர்போர்ட் மாற்றுக் கடையில் பெருந்தொகை மாற்ற வேண்டாம், கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் நாலைந்து கடை விலை கேட்டு மாற்றலாம். இந்திய ரூபாய் நோட்டு ஆளுக்கு 25,000 வரைதான் வெளியே எடுத்துவரலாம்.

மலைக்கோட்டை_மணி:

கார்டு எடுத்துப்போனால் கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே இயக்கிவையுங்கள். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவின்படி புதிதாகத் தரும் கார்டுகளில் அது மூடியே இருக்கும். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் போல மார்க்-அப் என்ற கூடுதல் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக மொத்தம் 4.13 சதவீதம் போகும். மார்க்-அப் இல்லாத டெபிட் கார்டோ, வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோ இருந்தால் அதை வையுங்கள்.

கடையிலோ ஏ.டி.எம்.மிலோ ‘ரூபாயில் கட்டவா, ரிங்கிட்டில் கட்டவா’ என்று திரை கேட்டால் ரிங்கிட்டைத் தொடுங்கள். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தை அவர்களே வைத்துக்கொள்வார்கள், அது நமக்குச் சாதகமாக இருக்காது. ஏ.டி.எம்.மில் சின்னச் சின்னத் தொகையாக எடுத்தால் ஒவ்வொரு முறையும் கட்டணம். ஒரே தடவையில் எடுங்கள்.

கரூர்க்காரி:

சர்க்கரை மாத்திரைக்குச் சிக்கல் இல்லை. அட்டையிலிருந்து உருவி டப்பாவில் போடாமல், பெயர் தெரியும் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, பத்து நாளுக்கானது மட்டும், தோளில் மாட்டும் சின்னப் பையில். பெரிய பை எங்கே போனாலும் மாத்திரை உங்களோடு இருக்க வேண்டும். இன்சுலின் ஊசி என்றால் சீட்டு கட்டாயம், சோதனையில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இருமல் மருந்து, தூக்க மாத்திரை எதையும் சீட்டில்லாமல் எடுக்காதீர்கள்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் வேண்டாம், அது காலியாகவே கால் கிலோ. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் 30 கிராம், சோதனைக்கு முன் காலி செய்து உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம். அறையில் கெட்டில் இருந்தால் இரவே காய்ச்சி ஆறவைத்து மறுநாளுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.